அவரவர் வழியில் சான்று: தமிழகத் திருச்சபை வரலாறு தரும் படிப்பினை

தமிழகத்தில் நற்செய்தி பரவிய வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அனுப்பப்பட்டோரின் வரலாற்றையே எழுதியுள்ளனர். 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9ஆம் நாள் சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் கரையிறங்கியது தொடங்கி, எந்தச் சங்கம் எவரை எவ்வாண்டில் எவ்வூருக்கு அனுப்பிற்று என்பதே நம் வரலாற்று நூல்களின் அதிகார வரிசையாய் அமைந்துவிட்டது. இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மிஷனெரிமார் தம் தாயகத்திற்குக் கடிதங்களும் நாட்குறிப்புகளும் அனுப்பினர். அவை ஹாலே நகரில் அச்சேறின, காப்பகங்களில் பேணப்பட்டன. தம் அண்டை அயலாருக்கும் உறவினருக்கும் நற்செய்தி கூறிய தமிழ்க் கிறிஸ்தவர்களுள் பெரும்பாலோர் எதையும் எழுதிவைக்கவில்லை. ஆகவே அவர்கள் பெயர்கள் அக்கடிதங்களின் ஓரங்களிலும், சபைப் பதிவேடுகளிலும், ஊர்களின் வாய்மொழி மரபிலும் சிதறிக் கிடக்கின்றன.

ஆயினும் புதிய ஏற்பாடு நமக்குக் காட்டும் சித்திரம் வேறு. எருசலேமிலிருந்து சிதறிப்போனோரே சென்ற இடமெல்லாம் நற்செய்தியைக் கூறினர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரம் அறிவிக்கிறது. அவர்களை எவரும் கைவைத்து அனுப்பவில்லை. சமாரியப் பெண் குடத்தை வைத்துவிட்டு ஊருக்குள் ஓடினாள். கதரேனர் நாட்டில் நலம் பெற்றவன் ஆண்டவரோடு வர விரும்பியபோது, அவர் அவனைத் தம்முடன் சேர்த்துக்கொள்ளாமல் அவனுடைய வீட்டாரிடத்திற்கும் இனத்தாரிடத்திற்கும் திருப்பி அனுப்பினார் (மாற்கு 5). தன் வீடு, தன் இனத்தார், தனக்கு நேர்ந்தது: இம்மூன்றுமே அவனுடைய அருட்பணிக்குரிய முதலாயின. ஒவ்வொருவரும் தமக்குரிய வழியில் நம்பிக்கையைப் பகிர்தல் என்று நாம் இன்று கூறுவதற்கு மறைநூல் அடிப்படை இதுவே.

இவ்வாறு தம் வழியில் சான்று பகர்ந்த தமிழர் சிலரின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. போற்றுதல் மட்டும் நமது நோக்கமன்று. அவரவர் வழி என்பது விடுதலை தரும் சொல்; அதே வேளையில் ஆபத்தும் உடைய சொல். ஒருவனுக்கு இயல்பான வழி என்பது அவன் பிறந்த சமுதாயத்தின் வழியும் ஆகும். அச்சமுதாயத்தின் அழகு அவ்வழியே வருவதுபோல அதன் பிளவும் அவ்வழியே வரக்கூடும். இவ்விரண்டையும் நம் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

1. போர்வீரரின் வழி: இராஜநாயக்கன்

இராஜநாயக்கன் ஏறத்தாழ 1700ஆம் ஆண்டில் ரோமன் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர்; ஒடுக்கப்பட்ட பறையர் சமூகத்தைச் சார்ந்தவர்; தஞ்சை மன்னரின் படையில் சிறு அதிகாரியாய்ப் பணியாற்றியவர். தரங்கம்பாடியில் 1714இல் அச்சிடப்பட்ட நான்கு நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும் அடங்கிய நூல் அவர் கைக்கு எட்டிற்று. போதகர் எவரும் அவரைத் தேடி வரவில்லை. நூலே அவரைத் தேடி வந்தது. அவர் வாசித்தார், வாசித்ததைத் தம்மோடு இருந்த வீரர்க்கும் உறவினர்க்கும் எடுத்துரைத்தார், பின்னரே, 1727ஆம் ஆண்டளவில், தரங்கம்பாடி மிஷனோடு தொடர்பு கொண்டார். அடுத்துப் படைப்பணியை விட்டு உபதேசியாரானார். முன்பு தாம் சார்ந்திருந்த சபையாரிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. எனினும் 1771இல் மரிக்கும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, தஞ்சைச் சீமையில் அவர் உழைத்தார்.

இப்பணியின் சிறப்பை உணர அக்கால அரசியல் நிலையை நினைவிற்கொள்ள வேண்டும். தரங்கம்பாடி டேனிஷ் எல்லை. அதற்கப்பால் தஞ்சை அரசு. ஐரோப்பிய மிஷனெரிமார் அவ்வெல்லையைத் தாண்டித் தம் விருப்பப்படி செல்ல இயலாது. தஞ்சைப் படையில் இருந்தவருக்கோ ஊர்களும் பாதைகளும் மனிதரும் பழக்கமானவர்கள். எனவே மிஷனெரிமார் செல்ல முடியாத இடத்திற்கு நற்செய்தி சென்றது, ஏற்கெனவே அங்கே நடமாடிக்கொண்டிருந்த ஒருவரின் கால்களாலேயே ஆகும்.

ஆனால் இவ்வரலாற்றின் அடுத்த பகுதி நம்மைத் தலைகுனிய வைப்பது. 1733ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் கடலூரைச் சேர்ந்த வேளாளரான ஆரோன் தரங்கம்பாடியில் குருவாக அபிஷேகம் பெற்றார். தமிழரிடையே முதல் புரொட்டஸ்டாண்டு குரு அவரே. இரண்டாவது குருவைத் தெரிந்தெடுக்கும் வேளை வந்தபோது இராஜநாயக்கனின் பெயரும் எண்ணப்பட்டது. அவருடைய ஒழுக்கத்தையோ அறிவையோ உழைப்பையோ ஒருவரும் குறை கூறவில்லை. எனினும் அவர் கையால் திருவிருந்தைப் பெற மேற்சாதிக் கிறிஸ்தவர்கள் மனம் கொள்ளார் என்று மிஷனெரிமார் அஞ்சினர். 1741இல் தியேகோ என்பவர் அபிஷேகம் பெற்றார். இராஜநாயக்கன் இறுதிவரை உபதேசியாராகவே இருந்தார்.

வாசித்துச் சான்று பகரலாம், சபைகளைக் கட்டலாம், அடிபடலாம், ஆனால் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தல் ஆகாது. இத்தகைய வரம்பு நம் சபையின் தொடக்க நாள்களிலேயே இடப்பட்டது. அதனை இட்டவர்கள் கொடியவர் அல்லர், பணியை நேசித்தவர்களே. சபை உடைந்துவிடக் கூடாது என்ற அச்சமே அவர்களை இயக்கிற்று. அவ்வச்சத்தின் விலையை மட்டும் அவர்கள் செலுத்தவில்லை, இராஜநாயக்கன் செலுத்தினார்.

2. கைம்பெண்ணின் வழி: குளோரிந்தா

திருநெல்வேலித் திருச்சபையின் பழைய பதிவேடு 1780ஆம் ஆண்டைச் சார்ந்தது. பாளையங்கோட்டைச் சபையினர் நாற்பதின்மர் அதில் காணப்படுகின்றனர். முதற்பெயர் ஒரு பெண்ணின் பெயர்: குளோரிந்தா. தஞ்சையிலிருந்து வந்த மராட்டியப் பிராமணக் கைம்பெண் அவர். லிட்டில்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரி அவரை உடன்கட்டை ஏறுவதினின்று காத்தார் என்பது சபை மரபு. அவ்வதிகாரியோடு அவர் பாளையங்கோட்டைக்கு வந்து வாழ்ந்தார். கிறிஸ்தவ நம்பிக்கையை அவரிடமிருந்தே முதன்முதலில் கற்றார்.

அவர் ஞானஸ்நானம் கேட்டபோது சுவார்ட்ஸ் ஐயர் மறுத்தார். முறையான திருமணமின்றி ஓர் ஆடவனோடு வாழ்கிறார் என்பதே மறுப்பிற்குக் காரணம். லிட்டில்டன் இறந்த பின்னர், 1778இல் பாளையங்கோட்டைக்கு வந்தபொழுது சுவார்ட்ஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். சபை ஒழுங்கைக் காத்தல் ஆயரின் கடமை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் காத்திருந்த ஆண்டுகளில் அப்பெண் சும்மா இருக்கவில்லை என்பதையும் மறத்தல் ஆகாது. தாம் அறிந்ததைத் தம் வீட்டாருக்கும் சூழ இருந்தோர்க்கும் அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். சபை அவரை ஏற்குமுன்னரே சபைக்கான விதையை அவர் ஊன்றிவிட்டார்.

ஞானஸ்நானத்திற்குப் பின் அவர் வழி இன்னும் விரிவடைந்தது. அவர் மறையுரை ஆற்றியதாகவோ நூல் எழுதியதாகவோ செய்தி இல்லை. கையிலிருந்த பொருளை அவர் பயன்படுத்தினார். கோட்டைக்குள் ஆலயம் எழுப்ப முன்னின்றார். அவ்வாலயத்தைச் சுவார்ட்ஸ் 1785இல் பிரதிஷ்டை செய்தார். ஊரார் அதனைப் பாப்பாத்தியம்மாள் கோவில் என்றே அழைத்தனர். மக்களுக்குத் தண்ணீர் வேண்டுமென்று அவர் வெட்டுவித்த கிணறும் அவர் பெயராலேயே வழங்கிற்று. சபையை மேய்க்கத் தஞ்சையிலிருந்து ஒருவர் அனுப்பப்பட வேண்டுமென்று விடாது வேண்டியவரும் அவரே. அவ்வேண்டுதலின் பயனாக வந்த உபதேசியார் சத்தியநாதன் 1790ஆம் ஆண்டு டிசம்பரில் தஞ்சையில் குருவாக அபிஷேகம் பெற்றுத் திருநெல்வேலிப் பணியைத் தாங்கினார்.

திருநெல்வேலிச் சபையின் தொடக்கத்தை நாம் எந்தப் பெயரோடு இணைக்கிறோம் என்பது சிந்தனைக்குரியது. சுவார்ட்ஸ் சில வேளைகளில் மட்டுமே வந்தார். சத்தியநாதன் அழைக்கப்பட்டு வந்தார். அழைத்தவர் அப்பெண். கைம்பெண் என்னும் காரணத்தால் சமுதாயத்தின் விளிம்பிற்குத் தள்ளப்பட்டவர், சபையின் விளிம்பிலும் சில ஆண்டுகள் நிறுத்தப்பட்டவர், சபையின் நடுவில் ஆலயத்தையும் தெருவில் கிணற்றையும் வைத்துச் சென்றார். அ. மாதவையா 1915இல் தாம் ஆங்கிலத்தில் எழுதிய புதினத்திற்கு அவரையே தலைவியாக்கினார் என்பது, அவருடைய வாழ்வு திருச்சபைக்கு வெளியே இருந்தோர் உள்ளத்தையும் தொட்டது என்பதற்குச் சான்றாகும்.

3. உறவின் வழி: தாவீதும் வேதமாணிக்கமும்

தென் மாவட்டங்களில் கிறிஸ்தவம் பேரளவில் பரவியதற்கு உறவின் இணைப்பே வழியாயிற்று. சாத்தான்குளத்தை அடுத்த காலன்குடியில் பிறந்த நாடார் இளைஞர் ஒருவர் ஊரைவிட்டு அலைந்து தஞ்சையை அடைந்து, அங்கே கிறிஸ்தவரானார். தாவீது சுந்தரானந்தம் என்று நாம் அறிவது அவரையே. துணை உபதேசியாராகத் திருநெல்வேலிக்குத் திரும்பிய அவர், கதரேனர் நாட்டு மனிதனைப் போலத் தம் இனத்தாரிடம் சென்றார். 1797 முதல் அவர் உறவினர் குடும்பம் குடும்பமாக ஞானஸ்நானம் பெற்றனர். எதிர்ப்பு மிகுந்து குடிசைகள் இடிக்கப்பட்டபொழுது, 1799இல் நிலம் வாங்கிப் புதிய ஊர் அமைத்தனர். முதலூர் என்று அதற்குப் பெயரிட்டனர். தாவீது 1806ஆம் ஆண்டளவில் இறந்தார். நஞ்சூட்டப்பட்டார் என்பது வழிவழிச் செய்தி.

அதே 1799ஆம் ஆண்டில் தென்திருவிதாங்கூர் மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் என்பவர் சிதம்பரத்திற்குத் திருப்பயணம் போனார். சாம்பவர் சமூகத்தில் பிறந்த அவருக்குக் கோவிலின் உள்ளே இடமில்லை. தேடிச் சென்ற அமைதி கிட்டாமல், தஞ்சையில் இருந்த உறவினரைக் காணச் சென்றவர், அங்கே கோலாஃப் ஐயரின் போதனையைக் கேட்டு வேதமாணிக்கம் என்னும் பெயரோடு ஞானஸ்நானம் பெற்றார். ஊர் திரும்பித் தம் மக்களுக்குக் கற்பித்தார். மிஷனெரி ஒருவர் வரவேண்டுமென்று வேண்டினார். ரிங்கல்தௌபே 1806இல்தான் மயிலாடியை அடைந்தார். ஏழாண்டுகள் சபையைக் காத்தவர் எந்தச் சங்கத்தாலும் அமர்த்தப்படாத அவ்வுழவரே. 1809இல் மயிலாடி ஆலயம் எழுந்தது. 1816இல் ரிங்கல்தௌபே நாட்டைவிட்டுச் சென்றபின், மீட் ஐயர் 1818இல் வந்து பொறுப்பேற்கும் வரை மீண்டும் சபைகளைத் தாங்கியவர் வேதமாணிக்கமே. தென்திருவிதாங்கூர் மிஷனின் வரலாறு மிஷனெரியின் வருகையோடு தொடங்கவில்லை. சிதம்பரத்தினின்று வெறுங்கையோடு திரும்பிய ஒருவரின் பயணத்தோடு தொடங்குகிறது.

உறவின் வழி வலிமை வாய்ந்தது. ஒருவன் தன் மாமனுக்கும் மைத்துனனுக்கும் சொல்லும்போது அதில் வாதம் இல்லை; வாழ்வு இருக்கிறது. தனியாள் விரட்டப்படுவான், குடும்பமாக வந்தோர் ஊர் அமைத்தனர். ஆயினும் உறவின் எல்லை சாதியின் எல்லையாகவே இருந்தது. நற்செய்தி ஒரு சாதிக்குள் விரைந்து பரவிற்று. அடுத்த தெருவை எட்டுவதற்குப் பல தலைமுறைகள் ஆயின. ஒரே பேராயத்தில் ஒவ்வொரு சாதிக்கும் ஒவ்வோர் ஊரும் ஒவ்வோர் ஆலயமும் அமைந்த நிலையின் வேர் இங்கேதான் இருக்கிறது. இக்காலத்திலும் பேராயத் தேர்தல்களில் இவ்வேர் தளிர்ப்பதைக் காணாதார் நம்முள் எவர்?

4. பாட்டின் வழி: வேதநாயகம் சாஸ்திரியார்

அவரவர் வழி என்னும் பொருளின் மேன்மையையும் இடரையும் ஒரே வாழ்வில் காண விரும்புவோர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் வாழ்வைப் பயிலவேண்டும். 1774இல் பாளையங்கோட்டையில் வேளாளக் குடும்பத்தில் பிறந்த அவரைச் சுவார்ட்ஸ் சிறுவயதிலேயே தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். பின்னாளில் அரசரான இரண்டாம் சரபோஜியும் அவரும் சுவார்ட்ஸின் நிழலில் வளர்ந்தவர்கள். தரங்கம்பாடியில் இறையியலோடு வானியல், நிலவியல் முதலியவற்றையும் கற்று, இருபது வயது நிரம்பும் காலத்திலேயே தஞ்சை மிஷன் பள்ளியின் தலைமையாசிரியரானார்.

அவருக்கு முன்னும் தமிழ்ச் சபையில் பாட்டு இருந்தது. ஆனால் புரொட்டஸ்டாண்டு ஆராதனையில் பாடப்பெற்றவற்றுட் பல, ஜெர்மானியப் பாட்டுகளை அவற்றின் இராகத்திலேயே தமிழ்ச் சொற்களில் அமைத்தவை. சாஸ்திரியார் வேறு வழி கொண்டார். குறவஞ்சி, நொண்டி நாடகம், கும்மி, மாலை முதலிய தமிழ்ச் சிற்றிலக்கிய வகைகளையும் நாட்டுப்புற வடிவங்களையும் எடுத்து அவற்றில் மறைநூற் பொருளைப் பெய்தார். பெத்லகேம் குறவஞ்சி, ஞானத் தச்ச நாடகம், சாஸ்திரக் கும்மி, ஜெபமாலை எனப் பெரும் நூல் வரிசை அவருடையது.

பெத்லகேம் குறவஞ்சியின் அமைப்பு ஈண்டு நோக்கற்பாலது. குறவஞ்சி நாடகத்தில் தலைவன் உலா வருவான். தலைவி அவன்மேல் காதல் கொண்டு வாடுவாள். குறத்தி வந்து குறி சொல்வாள். குறத்தியைத் தேடிச் சிங்கன் பறவை பிடிப்பான். இவ்வடிவத்தை மாற்றாமலே சாஸ்திரியார் பெத்லகேம் நாதரை உலா வரச் செய்கிறார். அவர்மேல் காதல் கொள்ளும் தலைவி திருச்சபையாகிறாள். சிங்கன் விரிக்கும் வலை, மாந்தரைச் சேர்க்கும் நற்செய்தி வலையாகிறது. குறத்தி தன் மலைவளம் கூறும் மரபைப் பயன்படுத்தி, கோப்பர்னிக்கஸ் கண்ட கோள்களின் இயக்கத்தையும் உலகின் நாடுகளையும் அந்நூலுள் அமைத்துவிடுகிறார். ஊரார் அறிந்த கூத்தின் வழியே அவர்கள் அறியாத இரண்டு உலகங்கள் அவர்கள் முன் விரிந்தன. இவற்றை அவர் நூலாக எழுதி வைத்துவிட்டு அமையவில்லை. தம் குழுவினரோடு ஊர் ஊராகச் சென்று பாடினார். கதாகாலட்சேபத்தின் வழியே கிறிஸ்தவரும் பிறரும் ஒருங்கே அமர்ந்து கேட்டனர். பெருவுடையார்மேல் குறவஞ்சி பாடுமாறு சரபோஜி கேட்டபோது அவர் மறுத்தார் என்றும், அரசர் அதனால் அன்பு குன்றவில்லை என்றும் மரபு கூறும். தமிழ் வடிவத்தை முழுமையாய்த் தழுவியவர் தம் நம்பிக்கையின் நடுப்பொருளை நெகிழவிடவில்லை என்பதை இம்மரபு குறிக்கிறது.

1820களில் தஞ்சைக்குப் புதிய தலைமுறை மிஷனெரிமார் வந்தனர். அவர்களுக்கும் சாஸ்திரியாருக்கும் இடையே நான்கு பொருள்களில் மோதல் எழுந்தது. ஒன்று, பெப்ரீஷியஸ் மொழிபெயர்த்த வேதாகமத்தை விலக்கி இரேனியஸின் திருத்திய மொழிபெயர்ப்பைப் புகுத்தியது. இரண்டு, ஆராதனையில் தமிழ்ப் பாடல்களையும் இசையையும் ஒடுக்கியது. மூன்று, பண்டிகைகளிலும் திருமண நாள்களிலும் மலர் முதலிய தமிழர் வழக்கங்களைத் தடுத்தது. நான்கு, ஆலயத்தில் சாதிவாரியாக அமர்வதையும் திருவிருந்தில் வேற்றுமை பாராட்டுவதையும் ஒழிக்க முனைந்தது. சாஸ்திரியார் இந்நான்கையும் எதிர்த்தார். 1829இல் பதவியை இழந்தார். சரபோஜி அவரை அரசவைப் புலவராக ஏற்று ஆதரித்தார். ஆனால் அவ்வரசரும் 1832இல் காலமானார்.

முதல் மூன்று பொருள்களிலும் வரலாறு பெரும்பாலும் சாஸ்திரியாரின் பக்கம் தீர்ப்பளித்துள்ளது. பெப்ரீஷியஸின் மொழிபெயர்ப்பை விட மனமில்லாத சபைகள் தலைமுறைகளாக நிலைத்தன. தமிழ் இசையோ வெற்றி பெற்றே விட்டது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் 1853இல் கீர்த்தனைத் தொகுப்பை வெளியிட்டபொழுது, சாஸ்திரியாரின் பாடல்களே அதில் சிறந்த இடம் பெற்றன. இன்று தமிழ்ச் சபை எங்கு கூடினும் கீர்த்தனை இல்லாமல் கூடுவதில்லை.

நான்காம் பொருளில் நாம் அவரோடு நிற்க இயலாது. சாதி வேற்றுமை சமுதாய வழக்கமே அன்றிப் பாவமன்று என்றும், இராகத்தையும் மலரையும் விடாததுபோல இதனையும் விடவேண்டியதில்லை என்றும் அவர் வாதிட்டார். சாதியாசாரத்தின் பாவனை என்னும் நூலும் எழுதினார். நம் சிந்தனைக்குரிய சிக்கல் இங்கேதான் உள்ளது. அவர் பார்வையில் குறவஞ்சியும் தனி வரிசையும் ஒரே பொருளின் இரு முகங்கள். இரண்டும் தமிழர் வழி. மிஷனெரிமாரும் அவ்வாறே எண்ணினர். ஆகவே சாதியோடு சேர்த்துப் பாட்டையும் ஒழிக்கப் புகுந்தனர். இரு திறத்தாரும் ஒரே பிழையைச் செய்தனர். பண்பாடு ஒரு கட்டாக வருகிறது, முழுதும் கொள்ளவேண்டும் அல்லது முழுதும் தள்ளவேண்டும் என்று இருவரும் கருதினர். பேராயர் டானியேல் வில்சன் 1833இல் சாதி வேற்றுமையைச் சபையினின்று அறவே நீக்கக் கட்டளையிட்டு, 1835இல் தஞ்சைக்கு நேரில் வந்தபொழுது, பலர் சபையை விட்டே விலகினர். கட்டளை உரைத்த செய்தி சரியானது. எனினும் மேலிருந்து இறங்கிய கட்டளை, உள்ளிருந்து எழவேண்டிய மனமாற்றத்தின் இடத்தை நிரப்பவில்லை.

இவ்வாதத்தில் எவர் குரல் பதிவாகவில்லை என்பதையும் நாம் கேட்கவேண்டும். சாஸ்திரியார் எழுதினார், மிஷனெரிமார் எழுதினர். ஆலயத்தில் ஒதுங்கி அமர்ந்து, பின்னர் வந்து பாத்திரத்தைப் பெற்றவர்கள் என்ன கருதினர் என்பது அவ்வாவணங்களில் மிக அரிதாகவே காணப்படுகிறது. அவர்களுக்கும் ஒரு தமிழர் வழி இருந்தது. அவர்களுக்கும் பாட்டும் பறையும் இருந்தன.

5. காவியத்தின் வழியும் பறையின் வழியும்

வைணவ வேளாளக் குடும்பத்தில் 1827இல் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராய் அமர்ந்து, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளையைப் பற்றி நம் வாசகர் நன்கு அறிவர். ஜான் பனியனின் உருவகக் கதையை அவர் கம்பனின் செவி கொண்டு கேட்டார். 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம், சபைக்கு வெளியே இருந்த தமிழறிஞரிடமும் மதிப்புப் பெற்றது. கற்றோர் அவைக்குக் கற்றோர் மொழியில் சான்று பகர்வதும் ஒரு வழியே. எனினும் இக்காவியத்தை ஓதி உணரக்கூடியோர் அன்று சபையில் எத்துணையர்?

நூறாண்டுகட்குப் பின் இவ்வினாவை எழுப்பியவர்களுள் ஒருவர் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பயிற்றுவித்த தியாபிலஸ் அப்பாவு (1940–2005). பரட்டை என்னும் பெயரால் அறியப்பட்ட அவர், கர்நாடக இசையில் அமைந்த கீர்த்தனை மரபு உயர்சாதியாரின் சுவையையே தமிழ்ச் சுவையென்று காட்டிற்று என்றார். நாட்டுப்புற மெட்டிலும் பேச்சுமொழியிலும் ஆராதனை முறையை அமைத்தார். தாழ்த்தப்பட்டோரின் கருவி என்று ஆலய வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பறையை உள்ளே கொண்டுவந்தார். ஒரே உலையில் சமைத்து எல்லாரும் ஒருங்கே உண்பதைத் திருவிருந்தின் பொருளாக வலியுறுத்தினார். சாஸ்திரியார் ஐரோப்பிய இராகத்தைப் பார்த்துக் கேட்ட அதே கேள்வியை, பரட்டை சாஸ்திரியாரின் இராகத்தைப் பார்த்துக் கேட்டார் எனலாம். ஒருவருடைய வழி அடுத்தவருடைய வாயை அடைக்கும் சுவராகிவிடக் கூடும்; அப்பொழுது அடுத்த தலைமுறை தன் வழியைக் கேட்டு வாங்கவேண்டியிருக்கிறது.

6. சபை முழுவதன் வழி: அசரியா

தனியாள்களின் வழியைச் சபை முழுவதன் வழியாக மாற்ற முயன்றவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அவர், 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கத்தையும், 1905இல் தேசிய மிஷனெரி சங்கத்தையும் தோற்றுவிப்பதில் முன்னின்றவர். 1912இல் தோர்ணக்கல்லின் பேராயரானவர். தோர்ணக்கல் பேராயத்தில் பெரும்பாலோர் தெலுங்கு பேசும் மாலர், மாதிகர் என்னும் ஒடுக்கப்பட்ட சமூகத்து ஏழை உழவுத்தொழிலாளர். எழுத்தறியாதார் மிகப் பலர். அவர்கள் அருட்பணியின் பயனாளிகள் மட்டுமே என்று கருதுதல் எளிது. அசரியா அவ்வாறு கருதவில்லை.

புதிதாக ஞானஸ்நானம் பெற்றோரைத் தம் தலைமேல் கைவைத்து, தாம் திருமுழுக்குப் பெற்றவர் என்றும், நற்செய்தியை அறிவியாதிருந்தால் தமக்குக் கேடு என்றும் சொல்லுமாறு அவர் செய்வித்தார். பவுல் 1 கொரிந்தியர் 9இல் தம்மைப்பற்றிக் கூறிய சொல் அது. அப்போஸ்தலனுக்குரிய சொல்லை வயலில் நாற்று நடும் பெண்ணின் நாவில் அவர் வைத்தார். ஞானஸ்நானமே ஒவ்வொருவருக்கும் அருட்பணிக்குரிய அபிஷேகம் என்னும் இறையியலை இதைக்காட்டிலும் எளிதாய்க் கற்பித்தவர் எவருமிலர். ஆண்டுதோறும் சான்று வாரம் கொண்டாடப்பட்டது. அவர்கள் மறையுரை ஆற்றவில்லை. தமக்கு என்ன நேர்ந்தது என்று சொன்னார்கள். குடியை விட்டது, தூய்மையாய் வாழ்வது, பிள்ளைகளைப் படிக்கவைப்பது ஆகிய அவர்கள் வாழ்வின் மாற்றத்தைக் கண்ட சாதி இந்துக்களும் சபையில் சேர்ந்தனர் என்பது தோர்ணக்கல் வரலாற்றின் குறிப்பிடத்தக்க செய்தி. நற்செய்தி கீழிருந்து மேல்நோக்கி நடந்தது. மாலரும் மாதிகரும் தமக்குள் பாராட்டிய வேற்றுமையை அசரியா பொறுத்துக்கொள்ளாமல், திருவிருந்தில் அவர்கள் ஒன்றாய் வரவேண்டுமென்று இடைவிடாது வலியுறுத்தினார் என்பதும் உடன் நினைக்கத்தக்கது.

7. இவ்வரலாற்றினின்று பெறுவன

முதலாவது, சான்று பகரும் வழி எவருக்கும் வெளியிலிருந்து கொடுக்கப்படவில்லை. போர்வீரருக்குப் பாதைகளும், கைம்பெண்ணுக்குப் பொருளும் உள்ளுறுதியும், தாவீதுக்கும் வேதமாணிக்கத்திற்கும் உற்றாரும், புலவருக்குப் பாட்டும் முன்னரே கையில் இருந்தன. மோசேயிடம் கையில் இருப்பது என்ன என்று கேட்ட கடவுள், அவன் கையிலிருந்த கோலையே பயன்படுத்தினார். ஆகவே சபையாரைச் சான்றுக்குப் பயிற்றுவிக்க விரும்பும் ஆயர், தாம் கற்ற முறையை எல்லார்க்கும் மனப்பாடம் செய்விக்குமுன், அவரவர் கையில் இருப்பது என்ன என்று கேட்டறிதல் வேண்டும். மருத்துவமனைச் செவிலியரும், பேருந்து ஓட்டுநரும், வீட்டிலிருக்கும் முதியவரும் ஒரே துண்டுப்பிரதியை ஒரே முறையில் கொடுக்கவேண்டும் என்பது வரலாறு அறியாத எண்ணம்.

இரண்டாவது, இவர்களுள் பலரைச் சபை தாமதமாகவே அறிந்துகொண்டது. இராஜநாயக்கனுக்கு அபிஷேகம் மறுக்கப்பட்டது. குளோரிந்தாவுக்கு ஞானஸ்நானம் காலம் தாழ்த்தப்பட்டது. சாஸ்திரியாரின் பாட்டு ஒடுக்கப்பட்டது. பறை வாசலில் நிறுத்தப்பட்டது. மறுத்தவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணம் உடையவர்களே. ஒழுங்கு, ஒற்றுமை, தூய்மை என்னும் நல்ல பெயர்களாலேயே இவை நிகழ்ந்தன. ஆயராகிய நாம் இன்று எப்பெயரால் எவரை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று ஆராய்ந்து பார்த்தல் தகும்.

மூன்றாவது, நமக்குரிய வழி என்பதனாலேயே ஒரு வழி நற்செய்திக்குரிய வழி ஆகிவிடாது. அதனைச் சோதிக்க ஓர் அளவுகோல் வேண்டும். வரலாறு மீண்டும் மீண்டும் நம்மைக் கொண்டுவந்து நிறுத்தும் இடம் திருவிருந்து மேசை. இராஜநாயக்கனின் அபிஷேகம் தடைப்பட்டது அம்மேசையைக் குறித்தே. தஞ்சைச் சபை பிளந்தது அம்மேசையைக் குறித்தே. அசரியா வலியுறுத்தியதும் பரட்டையின் ஒரே உலையும் அதனைக் குறித்தே. இது தற்செயலன்று. அந்தியோகியாவில் பேதுரு புறவினத்தாரோடு உண்பதினின்று விலகியபொழுது, பவுல் அதனை வழக்கம் பற்றிய சிறு வேற்றுமையாகக் கொள்ளவில்லை; நற்செய்தியின் உண்மைக்கு மாறான நடை என்றே கண்டித்தார் (கலாத்தியர் 2). விருத்தசேதனம் பெறாமலே கிரேக்கன் கிரேக்கனாக இருந்து நம்பலாம் என்று வாதிட்டவரும் அதே பவுல் என்பதை மறத்தலாகாது. வழிகள் பலவாகலாம், பலவாகவே வேண்டும். ஆயினும் அவ்வழிகள் எல்லாம் ஒரே மேசையில் வந்து சேரவேண்டும். எந்த வழி சிலரை அம்மேசைக்குத் தொலைவில் நிறுத்துகிறதோ, அது எத்துணை இனிய இசையோடு வந்தாலும் திருத்தப்பட வேண்டியதே. எந்த வழி விலக்கப்பட்டவனை அம்மேசைக்கு அழைத்து வருகிறதோ, அது எத்துணை புதுமையாய்த் தோன்றினும் நாம் அஞ்சவேண்டியதில்லை.

நம் கல்லூரிகளினின்று ஆண்டுதோறும் சபைகளுக்குச் செல்லும் இளம் ஊழியர்கள் ஒரு பணியை மேற்கொள்ளலாம். ஒவ்வொரு சபையும் எவரால் தொடங்கிற்று என்று அவ்வூர் முதியோரிடம் கேட்டு எழுதிவையுங்கள். பதிவேட்டில் முதலில் நிற்கும் பெயர் யாருடையது, அவருக்கு நற்செய்தியைச் சொன்னவர் யார், எவ்வழியில் சொன்னார் என்று தேடுங்கள். பல இடங்களில் ஆலயக் கல்வெட்டில் காணப்படும் பெயரன்றி வேறொரு பெயர் வெளிப்படும்; கூலியாளாகவோ, வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணாகவோ அவர் இருத்தல் கூடும். அப்பெயரை அடுத்த ஞாயிற்றுக்கிழமை நன்றியோடு சபையில் கூறுங்கள். தங்கள் சபையின் முதற்சாட்சி தங்களைப் போன்ற ஒருவரே என்று கேட்கும் மக்கள், தங்கள் வாயையும் திறப்பார்கள்.